பட்டனைப் பார்த்து டயர் வாங்காதீர்கள்: டவுன்ஹில் சைக்கிளுக்கு எது பொருந்தும்?

ஸ்காட்லாந்தில் ஃபோர்ட் வில்லியம் என்று ஒரு சின்ன ஊர். பிரிட்டனின் மிக உயரமான மலையான பென் நெவிஸின் அடிவாரத்தில் இருக்கிறது. பக்கத்திலேயே ஊனக் மோர் என்ற இன்னொரு மலை. டவுன்ஹில், அதாவது மலையிலிருந்து கீழே வேகமாக இறங்கும் சைக்கிள் பந்தயம் பார்க்கிற எல்லோருக்கும் தெரிந்த தடம் அந்த மலையின் சரிவில்தான் இறங்குகிறது. 2002 முதல் அங்கே உலகக் கோப்பைப் பந்தயங்கள் நடந்துவந்திருக்கின்றன. 2007-லும் 2023-லும் உலக சாம்பியன்ஷிப்பும் அங்கேதான். தடத்தின் நீளம் ஏறக்குறைய 2.8 கிலோமீட்டர். தொடக்கத்துக்கும் முடிவுக்கும் உயர வித்தியாசம் சுமார் 555 மீட்டர். முன்னணி வீரர்கள் நாலரை நிமிடத்தில் கீழே வந்துவிடுகிறார்கள்.

டயர் தேர்வைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான தடம் எனக்குத் தோன்றவில்லை. காரணம், ஒரே ஓட்டத்தில் மூன்று விதமான தரை வருகிறது. மேல்பகுதி மரமில்லாத வெட்டவெளி. வழி முழுக்கக் கிரானைட் கற்கள், பல இடங்களில் கூர்முனை மேலே தெரியும்படி. அதற்குக் கீழே காடு. அங்கே வேர்கள், செங்குத்தான இறக்கம், மழை பெய்தால் குழைந்துபோகும் கருமண். கடைசியில் வீரர்கள் 'மோட்டார்வே' என்று சொல்லும் அகலமான இறுகிய பாதையும் பெரிய பெரிய தாவல்களும். இதற்கு மேல் வானிலை. ஸ்காட்லாந்தின் மேற்குப் பகுதியில் மழை எப்போது வேண்டுமானாலும் வரும். கல்லுக்குப் பிடித்த டயர் சேற்றில் அடைத்துக்கொள்ளும்; சேற்றுக்குப் பிடித்த டயர் கல்லில் வழுக்கும்; இரண்டையும் சமாளிக்கிற டயர் மோட்டார்வேயில் வேகத்தைத் தின்னும். அப்படியானால் எதைப் போடுவது?

புதிதாக டயர் வாங்குகிறவர் முதலில் பார்ப்பது மேலே துருத்திக்கொண்டிருக்கும் பட்டன்களைத்தான். கண்ணில் படுவது அதுதானே. விளம்பரப் படங்களிலும் அதைத்தான் பெரிதாகக் காட்டுகிறார்கள். ஆனால் டவுன்ஹில்லைப் பொறுத்தவரை முக்கியத்துவத்தின் வரிசை நேர் எதிர் என்பது என் உறுதியான கருத்து. முதலில் டயரின் உடல், அடுத்து அதில் எவ்வளவு காற்று, அப்புறம் ரப்பர் கலவை. பட்டன் வடிவம் கடைசி. முதல் மூன்றும் சரியாக அமைந்தால் எந்தப் பெரிய நிறுவனத்தின் பொதுப்பயன் டயரும் நன்றாகவே ஓடும். அவை தவறினால் உலக சாம்பியன் போடும் அதே பட்டன் டயரைப் போட்டாலும் பயன் இல்லை.

உடலில் இருந்து தொடங்குவோம். டயரில் பட்டன்களைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது ரப்பர் பூசிய நைலான் நூல் அடுக்குதான். ஒரு அங்குலத்துக்கு எத்தனை நூல் என்பதை டிபிஐ என்று டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பார்கள். 120 டிபிஐ என்றால் மெல்லிய நூல் நெருக்கமாக ஓடுகிறது என்று பொருள். லேசாக இருக்கும், நன்றாக வளைந்துகொடுக்கும். 60 டிபிஐ என்றால் தடித்த நூல். வெட்டையும் உரசலையும் தாங்கும். சாதாரண டிரெயில் (காட்டுப் பாதை) டயரில் இந்தத் துணி ஒரு அடுக்கு. டவுன்ஹில் டயரில் இரண்டு அடுக்கு, கூடவே ரிம்மை ஒட்டிய இடத்தில் ஒரு தடித்த ரப்பர் பட்டை. மேக்ஸிஸ் நிறுவனம் தன் டயர்களை எக்ஸோ, டபுள்டவுன், டிஎச் என்று பிரிக்கிறது: எக்ஸோ ஒரு அடுக்கு, டபுள்டவுன் 120 டிபிஐ-யில் இரண்டு அடுக்கு, டிஎச் 60 டிபிஐ-யில் இரண்டு அடுக்கு. ஷ்வால்பேயில் சூப்பர் கிராவிட்டி, சூப்பர் டவுன்ஹில் என்று பெயர். பெயர் எதுவானாலும் தராசில் வைத்தால் தெரிந்துவிடும். 29 அங்குலம், 2.5 அகலத்தில் உண்மையான டவுன்ஹில் டயர் ஒன்று பெரும்பாலும் 1,200 முதல் 1,400 கிராம் வரை இருக்கும். ஏற்ற இறக்கம் கலந்த தடத்தில் ஓடும் கிராஸ் கன்ட்ரி பந்தய டயர் இதில் பாதி எடைதான்.

இவ்வளவு எடை எதற்கு என்று கேட்கலாம். டவுன்ஹில் ஓட்டுபவர் மலை ஏறுவது கேபிள் காரிலோ வண்டியிலோதான். இறங்கும்போது புவியீர்ப்பு இழுக்கிறது. எடை கூடினால் வேகமெடுக்கிற இடங்களில் கொஞ்சம் தாமதமாகலாம், ஆனால் அது தாங்கக்கூடிய நஷ்டம். பஞ்சர் தாங்கக்கூடியதல்ல. இறுதிச் சுற்றில் ஒருவருக்குக் கிடைப்பது ஒரே ஒரு ஓட்டம். அதில் காற்று போனால் அந்த வாரத்து உழைப்பு மொத்தமும் போச்சு. 2014-ல் ஆஸ்திரியாவின் லியோகாங்கில் அமெரிக்க வீரர் ஆரோன் க்வினுக்கு அதுதான் நடந்தது. பின் டயர் காற்றிழந்து ரிம்மை விட்டே கழன்றுபோக, மிச்சத் தூரத்தை வெறும் ரிம்மில் ஓட்டி முடித்தார். அந்தக் காணொளி இன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அவருடைய திறமையைப் பார்க்க அது அருமையான காட்சி. டயரின் உடல் தோற்றால் எவ்வளவு பெரிய திறமையாலும் வெற்றியை மீட்க முடியாது என்பதையும் அதே காட்சி காட்டுகிறது.

பஞ்சர் எப்படி ஆகிறது என்று பார்த்தால் அடுக்குகளின் வேலை புரியும். டவுன்ஹில்லில் ஆணியும் முள்ளும் குத்துவது அபூர்வம். வேகமாக வரும் சக்கரம் கூரான கல் விளிம்பில் மோதும்போது டயர் முழுக்க அமுங்கி, கல்லுக்கும் ரிம் விளிம்புக்கும் நடுவே நசுங்குகிறது. டியூப் போட்டிருந்த காலத்தில் இதில் டியூபில் அடுத்தடுத்து இரண்டு ஓட்டை விழும். 1999-ல் மாவிக், ஹட்சின்சன், மிஷலின் மூவரும் சேர்ந்து டியூப் இல்லாத மலை சைக்கிள் டயர் முறையைக் கொண்டுவந்தபின் அந்தத் தொல்லை குறைந்தது. ஆனால் மறையவில்லை, இப்போது நசுங்குவது டயரின் உடலே. இரண்டு அடுக்குத் துணியும் ரிம் ஓரத்து ரப்பர் பட்டையும் அந்த நசுக்கலை வாங்கிக்கொள்ளத்தான்.

இதைவிடக் குறைவாகப் பேசப்படும் இன்னொரு வேலையும் உடலுக்கு உண்டு. வேகமான வளைவில் சைக்கிள் சாயும்போது டயரின் பக்கச்சுவர் ஒரு பக்கமாக மடங்கப் பார்க்கும். ஒற்றை அடுக்கு டயரில் இதைத் தடுக்க ஒரே வழி காற்றைக் கூட்டுவது. காற்று கூடினால் டயர் தரையோடு படியாமல் துள்ளும், பிடி குறையும். இரண்டு அடுக்கு டயரின் சுவர் தானாகவே நிமிர்ந்து நிற்பதால் காற்றைக் குறைத்து ஓட்ட முடிகிறது. பிடி வருவது அங்கேதான். எடை கூடிய டயர் அதிகப் பிடி தருகிறது என்று கேட்டால் முதலில் முரணாகத் தோன்றும், ஆனால் விஷயம் அப்படித்தான்.

ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும். 50, 55 கிலோ எடையுள்ள ஒருவர் 90 கிலோ வீரருக்காகச் செய்த டிஎச் உடலைப் போட்டால் அது அவருக்கு மரக்கட்டைபோல இருக்கும். அவர் எடையில் அந்தச் சுவர் வளையவே வளையாது. அவர் காற்றை நன்றாகக் குறைக்க வேண்டும், அல்லது ஒரு படி லேசான உடலை, குறைந்தபட்சம் முன்சக்கரத்திலாவது, எடுக்க வேண்டும். கடைகளும் கட்டுரைகளும் எல்லோருக்கும் ஒரே பரிந்துரையைக் கொடுப்பதில் அதிகம் பாதிக்கப்படுவது உடல் எடை குறைந்தவர்கள்தான். பெண்களும் பதின்ம வயதினரும் அவர்களில் பெரும்பங்கு.

சமீபத்தில் நடந்த பெரிய மாற்றமும் உடலில்தான் வந்தது. சைக்கிள் டயரில் நூல்கள் வழக்கமாக ஏறத்தாழ 45 பாகையில் ஒன்றையொன்று குறுக்காக வெட்டிப் போகும். 2024-ல் ஷ்வால்பே மலை சைக்கிளுக்கு ரேடியல் டயரைக் கொண்டுவந்தது. நூல்கள் ரிம்மின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு இன்னும் நேராகச் செல்லும். அதனால் டயர் கல்லின் மேல் அதிகமாகப் படிகிறது. தரையில் படும் பரப்பு அதே காற்றில் சுமார் 30 சதவீதம் கூடுகிறது என்பது அந்த நிறுவனத்தின் கணக்கு. காரிலும் மோட்டார் சைக்கிளிலும் வெகுகாலமாக உள்ள முறைதான். பலர் இந்த டயரில் வழக்கத்தைவிட இரண்டு மூன்று பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) கூட்டி ஓட்டுகிறார்கள். பிடி இழக்காமல் ரிம் காப்பாற்றப்படுகிறது என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த பலன்.

சரி, காற்றுக்கு வருவோம். காசே செலவில்லாமல் பெரிய வித்தியாசம் காட்டக்கூடியது இது ஒன்றுதான். அதிகம் அலட்சியம் செய்யப்படுவதும் இதுதான். டவுன்ஹில்லில் ஒரு பிஎஸ்ஐ வித்தியாசம் கையில் தெரியும். 75 கிலோ எடையுள்ளவர் இரண்டு அடுக்கு டயரில், உள்ளே நுரை வளையம் எதுவும் இல்லாமல், முன்னால் 23, பின்னால் 26 என்று ஆரம்பிக்கலாம். அதிலிருந்து ஒவ்வொரு பிஎஸ்ஐ ஆகக் குறைத்துப் பார்க்க வேண்டும். ஒரே தடத்தில், ஒரே இடத்தில். ரிம் கல்லில் தட்டும் 'டங்' சத்தம் கேட்டாலோ, சாய்வு கட்டிய வளைவில் டயர் ஒரு நொடி மடங்கிப் பின் வருவது போலத் தோன்றினாலோ, ரிம் ஓரத்தில் சீலன்ட் (டியூப் இல்லாத டயருக்குள் ஓட்டையை அடைக்க ஊற்றும் திரவம்) கசிந்திருந்தாலோ குறைத்தது போதும். ஒரு பிஎஸ்ஐ ஏற்றுங்கள். பின்சக்கரத்தில் எப்போதும் இரண்டு மூன்று பிஎஸ்ஐ அதிகம் வைப்பதற்குக் காரணம், கல்லில் முழு வேகத்தில் மோதுவது அதுதான். முன்சக்கரத்தை ஓட்டுபவர் பார்த்துத் தூக்கியோ விலக்கியோ கொண்டுபோகிறார். பின்சக்கரம் வருவது வரட்டும் என்று பின்னால் வருகிறது.

தரையில் நிறுத்தி அடிக்கும் பம்பில் உள்ள மானியை இந்த வேலைக்கு நம்ப வேண்டாம். 160 பிஎஸ்ஐ வரை காட்டும் முகப்பில் 24-க்கும் 26-க்கும் உள்ள இடைவெளி ஒரு முடி அகலம்தான். குறைந்த அழுத்தத்துக்கான டிஜிட்டல் மானி தனியாக ஒன்று வேண்டும். டயரை மாற்றுவதற்கு முன் அதை வாங்குங்கள் என்பேன்.

வெப்பமும் உயரமும் இதில் விளையாடும். ஃபோர்ட் வில்லியத்தையே எடுத்துக்கொள்வோம். கீழே காற்றடித்துவிட்டு 555 மீட்டர் மேலே போனால் வெளிக்காற்றின் அழுத்தம் ஏறக்குறைய ஒரு பிஎஸ்ஐ குறைகிறது. அதனால் டயர் அந்த அளவுக்கு இறுகும். மேலே ஐந்து டிகிரி குளிர் அதிகம் என்றால் டயருக்குள் இருக்கும் காற்று சுருங்கி முக்கால் பிஎஸ்ஐ அளவுக்கு இளகும். இரண்டும் கிட்டத்தட்டச் சரிக்குச் சரி. ஆனால் 20 டிகிரி கதகதப்பான அறையில் காற்றடித்து, 5 டிகிரி குளிரில் தொடக்கக் கோட்டில் நின்றால் கணக்கு வேறு: வெப்பத்தால் மட்டும் இரண்டு பிஎஸ்ஐ போய்விடும். உயரத்தால் ஒன்று திரும்பி வந்தாலும் ஒன்று குறைவுதான். 24 என்று நினைத்துக்கொண்டு 23-ல் இறங்குகிறோம். காற்றை ஓட்டப் போகிற இடத்தின் குளிரில் சரிபார்க்க வேண்டும் என்பது இதனால்தான். அறையிலிருந்து சைக்கிளை வெளியே எடுத்து அரை மணி நேரம் நிறுத்திவிட்டு அளந்தால் போதும்.

நுரை வளையங்களைப் பற்றி இரண்டு வரி. டயருக்குள் ரிம்மைச் சுற்றிப் பொருந்தும் இந்த வளையம் ஒரு சக்கரத்துக்கு 150 முதல் 250 கிராம் வரை எடை கூட்டும். ரிம்மைக் காக்கும், வளைவில் பக்கச்சுவரைத் தாங்கும், இரண்டு மூன்று பிஎஸ்ஐ குறைக்க இடம் தரும். டயரை மாற்றும்போது கை விரல் நோகும், அது உண்மை. அடிக்கடி ரிம் நெளிகிறவர்கள் பின்சக்கரத்தில் போடலாம். முன்சக்கரத்தில் பெரும்பாலானோருக்குத் தேவையில்லை.

அடுத்தது ரப்பர். ஈரமான கிரானைட் பாறையில் சக்கரம் நிற்கிறதா வழுக்குகிறதா என்பதைத் தீர்மானிப்பது இதுதான். பாறையில் பட்டன் குத்தி இறங்க முடியாது. பாறையின் நுண்ணிய மேடு பள்ளங்களில் ரப்பர் எவ்வளவு படிகிறதோ அவ்வளவுதான் பிடி. ரப்பரின் மென்மையை ஷோர் ஏ என்ற அளவில் சொல்வார்கள். எண் குறையக் குறைய மென்மை கூடும். 60-ஐ ஒட்டியது சாதாரணம். டவுன்ஹில்லுக்கென்று செய்த மென்ரப்பர் 42 வரைகூட இறங்கியிருக்கிறது. ஆனால் எண்ணை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். மென்மையைவிட முக்கியமானது, அமுக்கிய ரப்பர் எவ்வளவு நிதானமாகத் திரும்பி வருகிறது என்பது.

கடையில் இதைச் செய்து பார்க்கலாம். ஒரு பட்டனின் ஓரத்தைக் கட்டைவிரல் நகத்தால் பக்கவாட்டில் தள்ளிவிட்டுச் சட்டென்று விடுங்கள். மலிவு டயரின் பட்டன் துடித்துக்கொண்டு நிமிரும். நல்ல டவுன்ஹில் கலவையில் பட்டன் சோம்பலாக, கண்ணால் பார்க்கும்படி, மெதுவாக எழும். அந்தச் சோம்பல்தான் விலை. டயர் கல்லில் மோதிய சக்தியைத் திருப்பித் துள்ளலாகக் கொடுக்காமல் தனக்குள்ளேயே சூடாக்கித் தீர்த்துக்கொள்கிறது. அதனால் சக்கரம் தரையை விட்டு எழாமல் ஒட்டிக்கொண்டே போகிறது. தட்டையான பாதையில் மிதிப்பவருக்கு இதே குணம் பெரிய சுமை, மிதித்த சக்தியெல்லாம் ரப்பரில் வீணாகும். டவுன்ஹில்லில் வீணாக்க நமக்கு சக்தி தாராளமாக இருக்கிறது.

நிறுவனங்கள் கலவைகளுக்கு வெவ்வேறு பெயர் வைத்திருக்கின்றன. மேக்ஸிஸில் மிக மென்மையானது மேக்ஸ்கிரிப், அதற்கு அடுத்தது மேக்ஸ்டெரா. ஷ்வால்பே ஆடிக்ஸ் வரிசையில் ஊதாக் கோடு போட்டது அல்ட்ரா சாஃப்ட், ஆரஞ்சு சாஃப்ட், நீலம் ஸ்பீட்கிரிப், சிவப்பு ஸ்பீட். கான்டினென்டலில் சூப்பர்சாஃப்ட், சாஃப்ட், என்டியூரன்ஸ். ஒரே டயர் பெயரில் மூன்று நான்கு கலவைகளும் உடல்களும் விற்கிறார்கள் என்பதை நினைவில் வைக்க வேண்டும். இணையத்தில் தள்ளுபடியில் கிடைக்கும் புகழ்பெற்ற டயர் பல நேரங்களில் ஒற்றை உடலும் கடின ரப்பரும் கொண்ட வகையாக இருக்கும். பட்டன் அச்சு அசலாக அதேதான். தடத்தில் நடத்தை வேறு டயர். வாங்குவதற்கு முன் பெயருக்குப் பின்னால் வரும் சொற்களையும் எடையையும் படியுங்கள்.

குளிரில் ரப்பர் இறுகும். கோடையில் போதுமான பிடி தந்த நடுத்தரக் கலவை, ஐந்து டிகிரி ஈரக்காலையில் வேர்மேல் பட்டவுடன் போய்விடும். குளிர் நாடுகளில் பலர் மழைக்காலத்துக்குப் பட்டனை மாற்றுவதற்கு முன்பே ரப்பரை ஒரு படி மென்மையாக்குவதற்குக் காரணம் இது.

இப்போது பட்டன். கடைசி என்று சொன்னதால் அற்பம் என்று பொருளில்லை. மண்ணில் பிடிப்பது பட்டன்தான். இதன் வடிவமைப்பும் பார்க்கப் பார்க்கச் சுவையானது. மேக்ஸிஸின் மினியன் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். இருபது ஆண்டுகளுக்கு மேலாக மற்ற நிறுவனங்கள் தங்கள் டயர்களை இதோடு ஒப்பிட்டே பேசுகின்றன. மினியன் டிஎச்ஆர் 2 டயரின் நடு வரிசைப் பட்டன் ஒன்றை உற்றுப் பாருங்கள். சக்கரம் உருளும்போது தரையை முதலில் தொடும் ஓரம் சரிவாகச் சீவப்பட்டிருக்கும். தரையை விட்டு கடைசியாக எழும் ஓரம் சுவர்போலச் செங்குத்து. பிரேக் பிடிக்கும்போது டயர் முன்னோக்கி இழுபடும். மண்ணில் கடிப்பது அந்தச் செங்குத்து ஓரம். சரிவான ஓரம் உருள்வதை எளிதாக்குகிறது. ஏறும்போது மிதிவிசைக்குப் பிடி கொடுக்க வேண்டிய ஓரமும் இந்தச் சரிவான ஓரம்தான், ஆகவே அங்கே கொஞ்சம் பிடி குறையும். டவுன்ஹில்லில் யாரும் ஏறுவதில்லை என்பதால் அந்த இழப்பு இழப்பே இல்லை. டயரின் பக்கத்தில் சுழலும் திசை அம்புக்குறி போட்டிருப்பது இதற்காகத்தான். திருப்பி மாட்டினால் பிரேக் பிடியை நாமே குறைத்துக்கொள்கிறோம்.

அண்ணன் டயரான மினியன் டிஎச்எஃப்-இல் நடு வரிசைக்கும் ஓர வரிசைக்கும் இடையே ஒரு வெற்றுக் கால்வாய் ஓடும். சைக்கிளைத் துணிந்து சாய்த்தால் ஓரப் பட்டன்கள் ஒரே வரிசையாக மண்ணைக் கடிக்கும். பிடி அற்புதமாக இருக்கும். பாதி மட்டும் சாய்த்தால் அந்தக் கால்வாயில் சிக்கி ஒரு கணம் பிடியில்லாமல் மிதப்பது போலத் தோன்றும். தயங்குகிறவரைத் தண்டிக்கும் டயர் அது. தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்கைச் சேர்ந்தவரும் நான்கு முறை உலக சாம்பியனுமான கிரெக் மினார் பங்களிப்பில் 2018-ல் வந்த அஸ்ஸெகாய் டயர் அந்த இடைவெளியில் கூடுதல் பட்டன்களை நிரப்பியது. எந்தக் கோணத்தில் சாய்த்தாலும் சீரான பிடி. உருள்வதில் கொஞ்சம் மந்தம். முன்னால் அஸ்ஸெகாய், பின்னால் டிஎச்ஆர் 2 என்ற ஜோடியை உலகம் முழுக்க சைக்கிள் பார்க்குகளில் (மலை சைக்கிளுக்கென்றே தடம் அமைத்த இடங்கள்) பார்க்கலாம். முன்டயர் பிடி இழந்தால் அநேகமாக விழுந்தே ஆக வேண்டும். பின்டயர் வழுக்கினால் சமாளிக்கலாம். அதனால் முன்னால் அதிகப் பிடியும் பின்னால் பிரேக்குக்கும் உருள்வதற்கும் ஏற்றதும் என்பது நியாயமான பங்கீடு.

சேறு தனி உலகம். சேற்று டயரில் பட்டன் உயரமாகவும் ஒல்லியாகவும், ஒன்றுக்கொன்று நிறைய இடைவெளி விட்டும் இருக்கும். மேலே உள்ள குழம்பைக் குத்தி ஊடுருவி அடியில் உள்ள கெட்டி மண்ணைத் தொடுவதும், ஒட்டிய சேற்றைச் சக்கரம் சுழலும்போதே உதறிவிடுவதும் அதன் வேலை. மேக்ஸிஸ் வெட்ஸ்கிரீம், ஷ்வால்பே டர்ட்டி டான், கான்டினென்டல் ஹைட்ரோடால் இந்த வகை. அக்டோபர் 2020-ல் லியோகாங்கில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் காட்டுப் பகுதி முழுக்கச் சேற்றுக் குழியாக இருந்தது; நிற்கவே முடியாத சரிவில் வீரர்கள் வரிசையாகச் சறுக்கி விழுந்தார்கள். ஆடவரில் ஸ்காட்லாந்தின் ரீஸ் வில்சனும் மகளிரில் ஸ்விட்சர்லாந்தின் கமில் பலான்ஷும் வென்றார்கள். அப்படிப்பட்ட நாளில் கேள்வியே இல்லை, குத்துப் பட்டன்தான்.

ஆனால் மழை என்றவுடன் சேற்று டயருக்குத் தாவுவது பெரும்பாலும் பொருந்தாத முடிவு. கேட்க வேண்டியது மழை பெய்கிறதா என்பதல்ல. பட்டன் இறங்குவதற்கு மென்மையான அடுக்கு ஒன்று இருக்கிறதா என்பது. ஈரப் பாறையிலும் வேரிலும் ஒல்லிப் பட்டன் நுனி மட்டும்தான் தொடும். தொடும் பரப்பு குறைவு, பட்டன் வேறு வளைந்து ஆடும். அங்கே குத்துப் பட்டனைவிட மென்ரப்பர் போட்ட சாதாரண டயர் பாதுகாப்பானது. இரண்டும் கலந்த தடத்துக்கு மெக்கானிக்குகள் நெடுங்காலமாகச் செய்துவரும் தந்திரம் ஒன்று உண்டு: சேற்று டயரை எடுத்து, வெட்டுக் குறடால் நடு வரிசைப் பட்டன்களைச் சில மில்லிமீட்டர் நறுக்கிவிடுவார்கள். ஒவ்வொரு பட்டனாக, டயர் முழுக்க, முந்தின நாள் ராத்திரி உட்கார்ந்து செய்யும் வேலை. பட்டன் குட்டையானதும் ஆட்டம் குறையும், உருள்வது எளிதாகும், ஓரத்தில் சேற்றுப்பிடி மிச்சமிருக்கும். பிறகு நிறுவனங்களே இந்த நடுத்தர உயரத்தில் டயர் செய்ய ஆரம்பித்தன. மேக்ஸிஸ் ஷார்ட்டி, கான்டினென்டல் ஆர்கோடால் போன்றவை. ஈரமான ஃபோர்ட் வில்லியத்துக்கு என்னைக் கேட்டால் நான் சொல்வது இந்த நடுத்தரம்தான், அதுவும் முன்சக்கரத்தில் மட்டும். மேல்பகுதிக் கல்லுக்கு மென்ரப்பர், காட்டுக்கு இடைவெளிவிட்ட பட்டன் இரண்டும் ஒன்றாகக் கிடைக்கிறது. பின்னால் வழக்கமான டயரே இருக்கட்டும்; அதன் உடல் மட்டும் டிஎச்சுக்குக் குறையக் கூடாது.

இதே நடுத்தர டயர் உலர்ந்த பொடிமண்ணிலும் நன்றாகப் பிடிக்கும் என்பது பலர் எதிர்பாராத செய்தி. இத்தாலியின் வால் டி சோலே தடத்தில் கோடையில் முழங்கால் வரை தூசி எழும். கெட்டித் தரைமேல் கிடக்கும் அந்த ஆழமான பொடியும் ஊடுருவ வேண்டிய அடுக்குதானே. தூசியில்லாமல் சிமென்ட்போல இறுகிக் கிடக்கும் பார்க் பாதைகளில்தான் உயரப் பட்டன் வீண். அங்கே குட்டையான, நெருக்கமான பட்டன் போதும்.

அளவு விஷயத்தில் அதிகம் குழம்ப வேண்டாம். 2.4 முதல் 2.5 அங்குல அகலம், உள் அகலம் 30 மில்லிமீட்டர் ரிம். இதில் டவுன்ஹில் உலகம் நிலைபெற்றுவிட்டது. ஒரு காலத்தில் 3 அங்குல டயர்களைப் போட்டுப் பார்த்தார்கள். காற்று நிறைந்த பெரிய டயர் துள்ளும், அந்தத் துள்ளலை அடக்க டயருக்குள் எதுவும் கிடையாது. அதனால் அது நிற்கவில்லை. டயரில் 63-622 என்று அச்சிட்டிருந்தால் அகலம் 63 மி.மீ., ரிம் விட்டம் 622 மி.மீ., அதாவது 29 அங்குலச் சக்கரம். 27.5-க்கு 584. மினார் 2017-ல் ஃபோர்ட் வில்லியத்தில் 29 அங்குலச் சக்கரத்தில் வென்றதிலிருந்து அந்த அளவு பரவியது. 2019-ல் சர்வதேச சைக்கிள் சங்கம் முன்னும் பின்னும் வெவ்வேறு அளவை அனுமதித்தபின் முன்னால் 29, பின்னால் 27.5 என்ற சேர்க்கை பிடித்துக்கொண்டது. உங்கள் சைக்கிள் அப்படியிருந்தால் தேய்ந்த முன்டயரைப் பின்னால் போட முடியாது; வாங்கும்போதே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

பந்தய அணிகள் ஒவ்வொரு பந்தயத்துக்கும் புது டயர் போடும். நாம் அப்படிச் செய்ய முடியாது. வருஷம் முழுக்க ஒரே ஜோடியில் ஓட்டுகிறவர் முன்னால் மிக மென்மையான ரப்பர், பின்னால் ஒரு படி கடினம் என்று வாங்குவது சிக்கனம், ஏனெனில் பிரேக் பிடித்துச் சறுக்கித் தேய்வது பின்டயர்தான். மென்ரப்பர் பின்னால் சில வார இறுதிகளிலேயே தீர்ந்துவிடும். தேய்மானத்தைப் பார்க்க நடுப் பட்டனின் உயரத்தை மட்டும் நோட்டம் விடுவது போதாது. ஓரப் பட்டன்களின் அடிவேரை விரலால் வளைத்துப் பாருங்கள். அங்கே மெல்லிய வெடிப்பு ஓடியிருந்தால் நடுப் பகுதி எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும் அந்த டயர் முன்சக்கரத்துக்குத் தகுதியில்லை. வளைவில் முழு எடையும் ஏறும்போது பட்டன் மடங்கும், சில நேரம் பிய்ந்தே போகும். இரண்டு சக்கரமும் ஒரே அளவாக இருந்தால் அதைப் பின்னால் தள்ளிவிட்டு, புதியதை முன்னால் மாட்டுங்கள். சீலன்ட் இரண்டு மூன்று மாதத்தில் காய்ந்துவிடும், டயரைக் கழற்றும்போதே அதையும் புதிதாக ஊற்றிவிடலாம்.